தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு பொம்மைத் தெரு

நீலகிரியின் எஸ்டேட் லைன் வீடுகளில் இன்று டிவி இல்லாத வீடு அரிது. கூரைமேல் ஒரு டிஷ் நிற்கும். இல்லையென்றால் கேபிள் ஒயர் தேயிலைச் செடிகளுக்கு மேலே தொங்கியபடியே வந்து சேர்ந்திருக்கும். அம்மா காலையில் கொழுந்து பறிக்கப் போகிறார். மாலை நிறுவை முடிந்து அவர் வீடு திரும்பும்வரை, பள்ளி விட்டு வந்த பிள்ளைக்குத் துணை அந்தப் பெட்டிதான்.

2007 ஏப்ரலில் சுட்டி டிவி தொடங்கியது. வெளிநாட்டு கார்ட்டூன்கள் தமிழ் பேச ஆரம்பித்தன. டோராவையும் அவளுடைய குரங்கையும் திருட வரும் குள்ளநரியையும் தெரியாத பிள்ளை நம் மலையில் இல்லை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள், கூடவே பாடினார்கள், நாலு வார்த்தை ஆங்கிலமும் கற்றார்கள். ஆனால் இத்தனை ஆண்டுகளில் அந்தப் பெட்டிக்குள் ஒரு லைன் வீடு வந்ததுண்டா? முதுகில் கொழுந்து மூட்டையோடு வரும் அம்மா வந்ததுண்டா? பறை அடிப்பவரின் மகள் கதாநாயகியாக வந்ததுண்டா? தோட்டத்துப் பிள்ளை உலகத்தையெல்லாம் பார்த்துவிட்டது. தன் தெருவை மட்டும் பார்க்கவில்லை.

நம் பிள்ளைகளுக்காக, நம் ஊரிலேயே, பொம்மையும் பாட்டுமாக ஒரு டிவி நிகழ்ச்சி செய்ய முடியுமா என்பதுதான் இந்த வாரம் நாம் எழுப்பும் கேள்வி. விளையாட்டுப் பேச்சாகத் தோன்றலாம். ஆனால் ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளை மனதில் வைத்து உலகின் சில இடங்களில் இதைச் செய்திருக்கிறார்கள். அந்தக் கதை நமக்குப் பயன்படும்.

தடை செய்யப்பட்ட தெரு

1969 நவம்பர் 10 அன்று அமெரிக்காவில் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சி ஒளிபரப்பானது. அலிபாபா கதையில் குகையைத் திறக்கும் மந்திரச் சொல்லில் வருமே 'சீசேம்', அதே பெயர்தான். ஜோன் கான்ஸ் கூனி என்ற பெண்மணியின் முயற்சி அது. பொம்மைகளைச் செய்தவர் ஜிம் ஹென்சன். ஏழை வீட்டுப் பிள்ளையும் கறுப்பினப் பிள்ளையும் பள்ளியில் சேரும் முதல் நாளிலேயே வசதியான வீட்டுப் பிள்ளைக்குப் பின்னால் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியை டிவி மூலம் குறைக்க முடியுமா என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி.

அதற்கு அவர்கள் போட்ட அரங்கம் மாளிகையோ மாயக்காடோ இல்லை. நியூயார்க்கில் சாதாரண மக்கள் வாழும் தெரு. வாசற்படி, குப்பைத் தொட்டி, சின்னக் கடை. அந்தக் குப்பைத் தொட்டிக்குள்ளும் ஒரு பொம்மை குடியிருந்தது. தெருவில் மதிப்போடு வாழும் தம்பதியாக வந்த சூசனும் கார்டனும் கறுப்பினத்தவர்கள். வெள்ளையரும் கறுப்பரும் அங்கே ஒரே படியில் உட்கார்ந்து பேசினார்கள்.

இதன் ஆலோசகர்களில் ஒருவர் செஸ்டர் பியர்ஸ். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கறுப்பின மனநல மருத்துவர். அடித்தால்தான் காயம் என்றில்லை. அன்றாடம் ஒரு பார்வையில், ஒரு சொல்லில், தள்ளி நிற்பதில் நடக்கும் சின்னச் சின்ன அவமதிப்புகள் சேர்ந்து மனிதனை அரிக்கின்றன என்று எடுத்துச் சொல்லி, அதற்கு ஒரு பெயரும் வைத்தவர் அவர். 'நுண் அவமதிப்பு' என்று அதை நாம் தமிழில் சொல்லலாம். தனி டம்ளரையும் தனிச் சுடுகாட்டுப் பாதையையும் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கறுப்பினப் பிள்ளை தன் முகத்தை மதிப்போடு திரையில் பார்க்க வேண்டும் என்பதில் பியர்ஸ் உறுதியாக இருந்தார்.

அடுத்த ஆண்டே எதிர்ப்பு வந்தது. 1970-இல் மிசிசிப்பி மாநிலத்தின் கல்வி டிவி ஆணையம் இந்த நிகழ்ச்சியை ஒளிபரப்ப மறுத்தது. வெள்ளையரும் கறுப்பரும் கலந்து வாழும் தெருவைப் பார்க்க எங்கள் மாநிலம் இன்னும் தயாராகவில்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. சில வாரங்களிலேயே ஆணையம் முடிவை மாற்றிக்கொண்டது. பொம்மைகள் எண் சொல்லிக் கொடுத்ததற்காக யாரும் தடை போடவில்லை. ஒரே படியில் உட்கார்ந்ததுதான் அவர்களை உறுத்தியது.

பலன் இருந்ததா? மெலிசா கியர்னி, பிலிப் லெவின் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்தக் காலத்தில் எல்லா ஊர்களுக்கும் டிவி அலை ஒரே மாதிரி எட்டவில்லை. எட்டிய ஊர்ப் பிள்ளைகளையும் எட்டாத ஊர்ப் பிள்ளைகளையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். நிகழ்ச்சி தெளிவாகக் கிடைத்த ஊர்களில், பள்ளியில் பின்தங்காமல் வயதுக்கேற்ற வகுப்பில் படித்த பிள்ளைகள் அதிகம். கறுப்பினப் பிள்ளைகளிடமும் வசதி குறைந்த பகுதிகளிலும் இந்தப் பலன் கூடுதலாகத் தெரிந்தது. மலை மறைத்தால் படம் வராது என்பதை ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்த நீலகிரிக்காரர்கள் அறிவார்கள். எட்டுமா எட்டாதா என்பது ஒரு பிள்ளையின் படிப்பையே தொடும் விஷயம் என்கிறது இந்த ஆய்வு.

கமியும் சம்கியும்

இதே நிகழ்ச்சி வேறு நாடுகளுக்குப் போனபோது அந்தந்த ஊர்க்காரர்கள் தங்கள் தெருவையும் தங்கள் பொம்மைகளையும் உருவாக்கினார்கள். தென்னாப்பிரிக்காவில் 2000-இல் 'டகலானி செசமி' தொடங்கியது. நிறவெறி ஆட்சி முடிந்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. அங்கே பேசப்படும் பல மொழிகளில் பொம்மைகள் பேசின. 2002-இல் கமி என்ற ஐந்து வயதுப் பெண் பொம்மை வந்தாள். அவளுக்கு எச்.ஐ.வி. இருந்தது. தாயை இழந்தவள். அவள் பெயர், ஏற்றுக்கொள்வதைக் குறிக்கும் ஸ்வானா மொழிச் சொல்லிலிருந்து வந்தது. நோயுள்ளவர்களைத் தொடாமல், அருகில் சேர்க்காமல் ஊரே ஒதுக்கிய காலத்தில் மற்ற பொம்மைகள் கமியைக் கட்டிப்பிடித்து விளையாடின. அதைப் பார்த்த சிறுபிள்ளைக்கு 'தொட்டால் ஒன்றும் ஆகாது' என்று யாரும் தனியாகப் பாடம் எடுக்கத் தேவைப்படவில்லை.

இந்தியாவுக்கு 2006-இல் 'கலி கலி சிம் சிம்' வந்தது. பள்ளிச் சீருடை போட்ட சம்கி என்ற சிறுமி, பூம்பா என்ற சிங்கம் எல்லாம் அதில் உண்டு. பெண் பிள்ளை கேள்வி கேட்பதை, துப்புத் துலக்குவதைக் காட்டிய நல்ல முயற்சி. ஆனால் அது பேசிய மொழி இந்தி. அதில் இருந்த தெரு வடநாட்டுத் தெரு. குன்னூர்ப் பிள்ளைக்கு அதுவும் இன்னொரு வெளியூர்தான். தீண்டாமையை அறிந்த இந்த நாட்டுக்கு கமியைப் போல ஒரு பொம்மை தேவை. அதை யாராவது செய்து தருவார்கள் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

தோல் ஒன்றுதான்

பொம்மையும் பாட்டும் நமக்குப் புதிதில்லை. தமிழ்நாட்டில் மரப்பொம்மைகளைக் கயிற்றில் ஆட்டும் பொம்மலாட்டம் உண்டு. ஆட்டுத் தோலில் உருவம் வரைந்து, வெட்டி, சாயம் ஏற்றி, விளக்கொளியில் திரைக்குப் பின்னால் ஆட்டும் தோல்பாவைக் கூத்தும் உண்டு. ராமாயணக் கதைக்கு நடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்துவிட்டால் பிள்ளைகள் எழுந்து உட்கார்வார்கள். அதிகாரத்தில் இருப்பவரைக் கிண்டல் செய்யும் உரிமை அந்த இரண்டு கோமாளிகளுக்குத்தான் உண்டு.

இங்கே ஒன்றை யோசிக்க வேண்டும். தோலில் படம் வரைந்தால் கலை என்றார்கள். அதே தோலை வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, தீயில் காய்ச்சி அடித்தால் தீட்டு என்றார்கள். கையில் பறையை வைத்திருந்தவரை ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். சாவுக்கு அடிக்கக் கூப்பிட்டுவிட்டு, கல்யாணத்தில் பந்திக்கு வெளியே உட்கார வைத்தார்கள். அதனால்தான் நம் மக்களில் ஒரு பகுதியினர் 'இனி அடிக்க மாட்டோம்' என்று பறையைக் கீழே வைத்தார்கள். இன்னொரு பகுதியினர் 'இது எங்கள் கலை, இழிவு எங்களுடையதில்லை' என்று அதையே உயர்த்திப் பிடித்தார்கள். இரண்டும் தன்மானம்தான். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறை அடித்து ஆடியது இந்த இரண்டாவது வழியில் வந்த பெரிய உடைப்பு. மதுரைப் பகுதியின் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது எத்தனையோ குடியிருப்புகளில் பட்டாசு இல்லாமலேயே தீபாவளி வந்தது.

நீலகிரிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இந்த மலையில் கோத்தர்கள் இசைக் கலைஞர்கள், இரும்பு வேலையிலும் மண்பாண்டத்திலும் கைதேர்ந்தவர்கள். ஒரு காலத்தில் அண்டை மக்களின் இழவுச் சடங்குகளுக்கு வாசிக்கும் வேலையும் அவர்களிடம் இருந்தது. அந்த வாசிப்போடு தாழ்வும் ஒட்டிக்கொண்டு வந்தது. இன்று தங்கள் தெய்வ விழாக்களில் தங்களுக்காக அவர்கள் வாசிக்கும்போது கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் புரியும். யாருக்காக வாசிக்கிறோம், யார் சொல்லி வாசிக்கிறோம் என்பதைப் பொறுத்து இசைக்கு மரியாதை மாறிவிடுகிறது.

தோட்டத்துத் தப்புக்கும் இதே கதைதான். இலங்கை மலையகத்தில் விடியுமுன் தப்பை அடித்துத்தான் ஆட்களைப் பிரட்டுக்குக் கூப்பிட்டார்கள். ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிப்பதற்குப் பெயர் பிரட்டு. 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்தான் நம் மக்கள் வாயில் அப்படி ஆனது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கியவர்களில் பல குடும்பங்கள் கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கம் வந்தன. அவர்களுக்கு வேலை தருவதற்காகவே அரசுத் தேயிலைத் தோட்டங்கள், பிற்காலத்தின் டான்டீ, உருவாயின. வந்தவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். தப்பும் கூத்தும் கதையும் பேச்சும் அவர்களோடு வந்தன. அந்தப் பேச்சைப் பள்ளிக்கூடத்தில் பேசினால் சிரிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தன் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்த பிள்ளை வகுப்பில் வாயைத் திறக்காது. வாயைத் திறக்காத பிள்ளையை மக்கு என்று எழுதிவிடுவார்கள். படிப்பு நின்றுபோகும் பாதை இவ்வளவு சின்ன இடத்தில்தான் தொடங்குகிறது.

உதகையில் தொடங்கிய கோரிக்கை

நம் கதையை நாமே சொல்ல வேண்டும் என்ற எண்ணத்துக்கு இந்த மண்ணில் வயது அதிகம். அயோத்திதாசர் இளமைக் காலத்தை நீலகிரியில் கழித்தவர். 1891 டிசம்பர் 1 அன்று அவர் முன்னின்று நடத்திய திராவிட மகாஜன சபை மாநாடு கூடியது உதகையில்தான். நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், படித்தவருக்கு வேலை, பொதுக் கிணற்றில் தண்ணீர், சாதிப் பெயரால் இழிவு செய்பவருக்குத் தண்டனை என்று பத்துத் தீர்மானங்கள் அங்கே நிறைவேறின. 1907-இல் அவர் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். ஏழையும் வாங்கிப் படிக்கும் விலை பெயரிலேயே இருந்தது. அதற்கு முன்பே, நீலகிரியில் வேலை பார்த்த இன்னொருவரான இரட்டைமலை சீனிவாசன், இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பாக வைத்து 1893-இல் 'பறையன்' இதழை நடத்தினார்.

அன்று அவர்கள் கையில் கிடைத்த கருவி அச்சு எந்திரம். இன்று நம் கையில் கேமராவோடு செல்போன் இருக்கிறது. உள்ளூர் கேபிள் இருக்கிறது. 2019 ஆகஸ்ட் முதல் தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. 2021-இல் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை மக்களிடம் கொண்டுபோக அரசே பாட்டு, நாடகம், பொம்மலாட்டம் என்று கலைக்குழுக்களை அனுப்பியது. கோத்தகிரியில் 90.4 அலைவரிசையில் ஒரு சமுதாய வானொலி பழங்குடி மக்களின் மொழிகளில் பேசிக்கொண்டிருக்கிறது. இந்த மலையில் உள்ளூர் ஒலிபரப்பு முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

எப்படிச் செய்வது?

பொம்மைக்குப் பெரிய செலவில்லை. குளிர் ஊரில் பழைய கம்பளிச் சாக்ஸும் குரங்குக் குல்லாவும் கிடைக்காத வீடு ஏது? சாக்ஸைக் கையில் மாட்டி, இரண்டு பொத்தானைக் கண்ணாகத் தைத்தால் ஒரு பொம்மை. இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு போர்வையைக் கட்டிவிட்டு, பின்னால் உட்கார்ந்து கையை உயர்த்தினால் அரங்கம். பொம்மை பேசும்போது மேல் விரல்களைத் தூக்கக் கூடாது. கட்டைவிரலைக் கீழே இறக்க வேண்டும். இல்லையென்றால் தலை பின்னால் சாய்ந்து பொம்மை வானத்தைப் பார்த்துப் பேசும். ஒவ்வோர் அசைக்கும் வாய் திறக்க வேண்டும். ஒரு வாரம் கண்ணாடி முன் பழகினால் கை வந்துவிடும்.

கதைக்குத் தோட்டமே போதும். தேயிலைக்குள் திடீரென்று வந்து நிற்கும் காட்டெருமை ஒரு பொம்மை. பயமுறுத்தும் உருவம், ஆனால் கணக்கென்றால் அதற்கே பயம். அதற்குக் கணக்குச் சொல்லித் தரும் லைன் வீட்டுச் சிறுமி இன்னொரு பொம்மை. அம்மா காலையில் 18 கிலோ பறித்தார், மதியம் 14 கிலோ பறித்தார். மொத்தம் எவ்வளவு? 32. ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று 3 கிலோ கழித்தால் சீட்டில் எவ்வளவு இருக்க வேண்டும்? 29. சீட்டில் 27 என்று இருந்தால் என்ன கேட்க வேண்டும்? கூட்டலும் கழித்தலும் கற்ற பிள்ளை, அம்மாவின் சீட்டைப் படிக்கவும் கற்றுவிடும். அடுத்த வாரம் சிறுமி பறையைக் கொண்டுவருகிறாள். ஒரு பொம்மை 'தொடாதே' என்கிறது. 'ஏன்?' என்று காட்டெருமை கேட்கிறது. பதில் சொல்ல முடியாமல் அந்தப் பொம்மை திணறுகிறது. பிறகு நால்வரும் சேர்ந்து அடிக்கிறார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். செசமி ஸ்ட்ரீட்டிலேயே கறுப்பினப் பிள்ளையாகக் கருதப்பட்ட ரூஸ்வெல்ட் பிராங்க்ளின் என்ற பொம்மை இருந்தது. அதற்குக் குரல் கொடுத்தவரும் கறுப்பினக் கலைஞரே. ஆனாலும் அந்தப் பொம்மையின் வகுப்பறை அடங்காத வகுப்பறையாகக் காட்டப்படுகிறது, எங்கள் பிள்ளைகள் என்றால் இப்படித்தானா என்று கறுப்பினப் பெற்றோரே கேட்டார்கள். 1970-களின் நடுவில் அது நிறுத்தப்பட்டது. நல்ல எண்ணத்தோடு செய்தாலும் கேலிச் சித்திரமாகிவிடும் ஆபத்து உண்டு. எனவே கதை எழுதும் இடத்தில் தோட்டத்துத் தாய்மார்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் உட்கார வேண்டும். நம் பிள்ளை பரிதாபத்துக்குரிய பிள்ளையாக மட்டும் வரக் கூடாது. குறும்பு செய்யட்டும், தப்புச் செய்யட்டும், வெல்லட்டும்.

இரண்டாவது, பிள்ளைகளிடம் காட்டிப் பார்க்காமல் ஒளிபரப்பக் கூடாது. செசமி ஸ்ட்ரீட் குழுவினர் டிவிக்குப் பக்கத்தில் இன்னொரு திரை வைத்து, ஏழரை வினாடிக்கு ஒரு படம் மாற்றிக் காட்டினார்கள். பிள்ளையின் கண் எப்போது அந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்த இடம் சப்பென்று இருக்கிறது என்று குறித்துக்கொண்டார்கள். பெரியவர்கள் மட்டும் பேசிய தெருக் காட்சிகளில் கண்கள் திரும்பின. பொம்மைகளை அந்தத் தெருவுக்குள் கொண்டுவந்தது அதற்குப் பிறகுதான். நாம் இதை எஸ்டேட் கிரச்சிலேயே செய்யலாம். ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள கிரச் வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. நம் முதல் பார்வையாளர்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். இன்று ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்களும் நம் லைன் வீடுகளில் இருக்கின்றன. ஒரு காலத்தில் நம்மை 'வந்தவர்கள்' என்று சொன்னதுபோல இன்று அவர்களைச் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கும் நம் தெருவில் ஒரு பொம்மை வேண்டும். அதன் மொழியில் நாலு வார்த்தை நம் பிள்ளைகளும் கற்கட்டும்.

உதகை, கூடலூர்க் கல்லூரிகளில் படிக்கும் தோட்டத்து மாணவர்களே, இதை நீங்கள்தான் தொடங்க வேண்டும். பத்து நிமிடத்தில் ஒரு பகுதி, மாதம் இரண்டு பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். கேபிள் நடத்துபவர்கள் ஞாயிறு காலையில் அரை மணி நேரம் இடம் தர முன்வர வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் பள்ளிக் கல்வித் துறையும் நல்ல பகுதிகளைக் கல்வித் தொலைக்காட்சிக்குக் கொண்டுசேர்க்க வழி செய்ய வேண்டும். வீட்டில் பறை இருக்கும் தாத்தாக்கள் தொடக்க இசைக்கு வந்து உட்கார வேண்டும். வரும் கோடை விடுமுறைக்குள் ஒரு லைனில், ஒரு போர்வைக்குப் பின்னால், ஒரு காட்டெருமை தலை தூக்கட்டும். எந்த லைன் முதலில் செய்கிறதோ அதன் செய்தியை இந்தப் பகுதியில் வெளியிட நாம் காத்திருக்கிறோம்.